பகலில் வீட்டில் இருக்கப் போவது யார்?

துபாயில் வேலை கிடைத்ததும் எல்லாப் பிள்ளைகளும் கேட்பதைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய்: "பெரியம்மா, துபாயிலேயே வீடு பார்க்கட்டுமா, ஷார்ஜாவில் பார்க்கட்டுமா?" வாடகை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாய். இன்டர்நெட் சிட்டியில் இருக்கும் உன் ஆபீஸுக்கு ஒவ்வொரு ஏரியாவிலிருந்தும் எத்தனை கிலோமீட்டர் என்றும் எழுதியிருக்கிறாய். கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தாளில் உன் ஆபீஸ் இருக்கிறது, உன் சம்பளம் இருக்கிறது, நீ வாங்கப் போகும் கார்கூட இருக்கிறது. மருமகளைக் காணோம், பேரனைக் காணோம். காலை ஏழுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்குத் திரும்பும் உனக்கு அது படுத்து எழும் இடம். பகல் முழுக்க அங்கே இருக்கப் போகிறவர்கள் அவர்கள் இரண்டு பேரும். வீட்டை அவர்களுக்காகப் பார் தம்பி. நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான்.

நான் ஷார்ஜாவில் ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். உன் பெரியப்பாவுக்கு வேலை துபாயில். அதனால் இரண்டு ஊரும் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஓடும் அந்தச் சாலைகளை அதைவிட நன்றாகத் தெரியும். அல் இத்திஹாத் ரோடு, ஷேக் முகம்மது பின் சாயித் ரோடு, எமிரேட்ஸ் ரோடு என்று மூன்று இருக்கின்றன. காலையில் துபாய்ப் பக்கமும் மாலையில் ஷார்ஜாப் பக்கமும் மூன்றுமே அடைத்துக்கொள்ளும். துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9-ல் ஓட ஆரம்பித்தது. சரியாக இரண்டு வருடம் கழித்துப் பச்சை லைன் குசைஸ் வரை வந்தது. எல்லைக்குத் துபாய்ப் பக்கமே நின்றுவிட்டது. ஷார்ஜாவுக்குள் இன்றும் மெட்ரோ கிடையாது. பஸ் உண்டு, டாக்ஸி உண்டு. துபாயிலிருந்து டாக்ஸியில் ஷார்ஜாவுக்குள் போனால் மீட்டருக்கு மேல் 20 திர்ஹம் சேர்த்து வாங்குவார்கள். சொந்தக் காரில் அல் இத்திஹாத் ரோடு வழியே போனால் மம்ஸாரில் சாலிக் என்ற சுங்கம் கட்ட வேண்டும். நெரிசல் நேரத்தில் அது இப்போது 6 திர்ஹம். இவ்வளவும் உன் கணக்கில் இருக்கிறது, பார்த்தேன். ஆனால் நீ ரோட்டில் நிற்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத் தாளில் எழுத முடியாது. அதை நான் வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இருட்டு விலகுவதற்குள் ஸ்கூல் பஸ் கட்டடத்தின் கீழே வந்து நிற்கும். தூரத்து ஸ்டாப் பிள்ளைகளை ஐந்தே முக்காலுக்கே ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வரும். முதல் பீரியடில் பேர் கூப்பிடும்போது சில பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். பஸ்ஸில் சாப்பிடச் சொல்லி அம்மா கட்டிக் கொடுத்த இட்லி டிபன் பாக்ஸில் அப்படியே இருக்கும். விசாரித்தால், அப்பா வருவதற்காக ராத்திரி பத்தரை வரை முழித்திருந்த பிள்ளையாக இருக்கும். அப்பாவும் பாவம், அந்த நேரத்துக்குத்தான் டிராஃபிக்கிலிருந்து விடுபட்டு வந்திருப்பார். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது, "நம்ம ஊரில் இருந்தபோது துறுதுறுவென்று இருந்தான் மேடம், இங்கே வந்து மந்தமாகிவிட்டான்" என்று கவலைப்படுவார்கள். டாக்டரிடம் கூட்டிப் போகட்டுமா என்று கேட்பார்கள். முதலில் வீட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்வேன். சொன்னதைக் கேட்டு மாறி வந்த குடும்பங்களில் பிள்ளைகள் ஒரு டெர்முக்குள் தெளிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் பள்ளிக்கூடத்தை முதலில் முடிவு செய். வீடு அதற்குப் பின்னால் வரட்டும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கேயும் ஏப்ரலில்தான் ஆரம்பிக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. நடுவில் போய்ச் சேர்ந்தால் நீ நினைத்த பள்ளியில் இடம் இருக்குமா என்பதை இப்போதே விசாரித்துவிடு. துபாய்ப் பள்ளிகளை கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு ஆய்வு செய்து தரம் போட்டு வைத்திருக்கிறது. அறிக்கையை யாரும் படிக்கலாம். ஊத் மேத்தாவிலும் குசைஸிலும் இந்தியப் பள்ளிகள் இருக்கின்றன. ஷார்ஜாவிலும் நிறைய உண்டு, ஃபீஸும் பொதுவாகக் குறைவு.

இங்கே இன்னொரு விஷயம், புதிதாகப் போகிறவர்கள் யோசிக்காதது. 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. வெள்ளி அரை நாள் வேலை. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்று வைத்துக்கொண்டது. பள்ளிகளுக்கும் அப்படியே. பையன் ஷார்ஜாவில் படித்து நீ துபாயில் வேலை பார்த்தால், வெள்ளிக்கிழமை அவன் வீட்டில், நீ ஆபீஸில். தனியார் கம்பெனிகளில் சனிக்கிழமையும் கூப்பிடுவார்கள். அப்புறம் உங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒரு ஞாயிறுதான். அன்றைக்கும் லூலுவில் மளிகை வாங்க வேண்டும்.

ஷார்ஜா மோசமான ஊர் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. எங்களை வாழவைத்த ஊர் அது. சாயந்திரம் புஹைரா கரையில் நடந்தால் மனசு லேசாகும். ரோலாவில் துணி வாங்குவதற்கென்றே துபாயிலிருந்து வருவார்கள். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அமைதியான, கட்டுப்பாடான ஊர். மனைவிக்கு அங்கே வேலை கிடைத்து, பிள்ளைக்கும் அங்கே நல்ல பள்ளி கிடைத்தால், ஒருவர் மட்டும் ரோட்டில் கஷ்டப்படுவது என்ற முடிவு நியாயமானது. பலர் அப்படி எடுத்திருக்கிறார்கள். உன் விஷயம் அப்படியில்லை. ஷார்ஜாவிலிருந்து இன்டர்நெட் சிட்டிக்குப் போக நீ துபாயை ஒரு முனையிலிருந்து கிட்டத்தட்ட மறுமுனை வரை கடக்க வேண்டும்.

நஹ்தாவை எடுத்துக்கொள். அந்தப் பெயரில் துபாயில் ஒரு ஏரியா, எல்லையைத் தாண்டினால் ஷார்ஜாவிலும் அதே பெயரில் ஒரு ஏரியா. இந்தப் பக்கத்துப் பால்கனியிலிருந்து அந்தப் பக்கத்துப் பால்கனியில் காயும் துணியைப் பார்க்கலாம். வாடகை வேறு, கரண்ட் பில் போடும் நிறுவனம் வேறு, வீட்டுச் சட்டம் வேறு. "மூன்று நிமிஷத்தில் துபாய்" என்று ஏஜென்ட் சொல்வான். ராத்திரி பதினொரு மணிக்கு அது உண்மை. காலை ஏழு மணிக்கு அந்த மூன்று நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆகும். நீ போகப்போகும் நேரத்தில், போகப்போகும் வண்டியில் ஒருமுறை போய்வந்து பார்க்காமல் எந்தத் தூரத்தையும் நம்பாதே.

வீடு பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். எல்லாரும் ஆபீஸ் முடிந்து ராத்திரி ஏழு, எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கிறார்கள். ஏ.சி. போட்டு வைத்திருப்பார்கள், விளக்கெல்லாம் எரியும், எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். நீ மதியம் இரண்டு மணிக்குப் போ. வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, எந்த ரூம் கொதிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். போனதும் பாத்ரூம் குழாயைத் திறந்து கையை வை. ஜூலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சுடும். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் குழந்தையின் தோல் சிவந்துவிடும். அங்கே பழகியவர்கள் கோடை பிறந்ததும் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஏ.சி. இருக்கும் வீட்டுக்குள் ஹீட்டர் தொட்டியில் தங்கிய தண்ணீர் ஆறியிருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்து அதில்தான் குழந்தையைக் குளிப்பாட்டுவோம். ஹீட்டர் பாத்ரூமுக்குள் இருக்கிறதா, வெளியில் வெயிலில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டான்.

சமையலறையையும் அப்போதே பார். புதுக் கட்டடங்களில் ஹாலோடு சேர்ந்த திறந்த கிச்சன் வைக்கிறார்கள். நம் வீட்டில் கடுகு தாளித்து, மீன் வறுத்தால் சோபா வரைக்கும் மணக்கும். ஜன்னலையும் அதிகம் திறக்க முடியாத ஊர். கதவு உள்ள கிச்சன் இருக்கும் பழைய கட்டடம் மருமகளுக்கு ஆயிரம் மடங்கு மேல்.

மெட்ரோவுக்குப் பத்து நிமிஷ நடை என்று எழுதியிருந்தாய். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசே தடை போட்டிருக்கிறது. அந்த வெயிலில்தான் மருமகள் பையனைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டி வர வேண்டும். நம் ஊர் லைசென்ஸைக் காட்டி அங்கே லைசென்ஸ் மாற்றிக்கொள்ள முடியாது. பொதுவாக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, வகுப்புகளை முடித்து, டெஸ்ட் பாஸாக வேண்டும். பணமும் ஆகும், மாதங்களும் ஆகும். அதுவரை அவளுடைய உலகம் கால் நடக்கும் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவள் காலால் அளந்து பார். கீழே குரோசரி இருக்கிறதா? போன் பண்ணினால் ஒரு பால் பாக்கெட்டையும் கருவேப்பிலையையும் கடைப் பையன் மேலே கொண்டுவந்து தருவான். பார்மசி, கிளினிக் இருக்கிறதா? சாயந்திரம் பிள்ளை விளையாட ஒரு பார்க்? புது ஏரியாக்களில் பளபளவென்று கட்டடம் இருக்கும், நீச்சல்குளம் இருக்கும். ஒரு எலுமிச்சம்பழம் வாங்க டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும்.

நம் ஆட்கள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டுமா என்று உன் மனைவி கேட்டதாகச் சொன்னாய். அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டிருப்பாள். நான் தயங்காமல் சொல்கிறேன்: முதல் இரண்டு வருடம் கட்டாயம் இருக்க வேண்டும். வெளிநாடு போய் நம் ஆட்களோடேயே ஒட்டிக்கொண்டிருப்பது என்ன வாழ்க்கை என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பகலில் ஆபீஸில் நாலு பேரோடு டீ குடிக்கும் ஆண்கள். பூட்டிய கதவுக்குள், ஏ.சி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் வரும்வரை பிள்ளையைத் தவிர யாரோடும் பேசாமல் இருக்கும் பெண்ணுக்கு எதிர் ஃபிளாட்டில் ஒரு தமிழ்க் குரலோ மலையாளக் குரலோ கேட்பது மருந்து. ஸ்கூல் மீட்டிங்கில் காரணமே இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத இளம் தாய்மார்கள் உண்டு. காய்ச்சல் இல்லை, கடன் இல்லை, புருஷன் தங்கமானவர். பேச்சுத் துணை இல்லை, அவ்வளவுதான். ஒருத்தி நல்ல எஞ்சினியர். ஊரில் பத்துப் பேரை வேலை வாங்கியவள்.

பர்துபாய், கராமா, குசைஸ் பக்கம் இதற்கு நல்லது. பர்துபாயில் கிரீக் ஓரத்துக் கோவில் 1958 முதல் இருந்தது. தூரம்தான் என்றாலும், 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் பெரிய கோவில் திறந்தார்கள். பக்கத்திலேயே குருத்வாராவும் தேவாலயங்களும். ஊத் மேத்தாவில் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் தமிழில் பூசை உண்டு. நோன்பு மாதம் தேராவுக்குப் போனால் நம் ஊர் நோன்புக் கஞ்சி கிடைக்கும். சில்லறைச் செலவில் வந்துவிடும் சந்தோஷங்கள் இவை. தூர ஏரியாவில் இருந்தால் அவற்றுக்கே ஒரு நாள் தேவைப்படும். உனக்கு வசதியும் இருக்கிறது: கராமா, பர்துபாய் இரண்டுமே சிவப்பு லைனில் இருக்கின்றன. அதிலேயே ஏறி உன் ஆபீஸ் வாசலில் இறங்கலாம். ஷார்ஜாவில் இரண்டு பெட்ரூம் கிடைக்கும் பணத்துக்கு இங்கே ஒன்றுதான் கிடைக்கும். ஒரு ரூம் குறையட்டும். சாயந்திரம் ஆறரைக்கு அப்பா வீட்டில் இருக்கும் ஒரு ரூம் வீட்டில் பிள்ளை நன்றாக வளர்வான்.

டிஸ்கவரி கார்டன்ஸ் பற்றியும் கேட்டிருந்தாய். 2021 முதல் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, நம் ஆட்களும் நிறைய, உன் ஆபீஸுக்கும் பக்கம். பள்ளி அந்தப் பக்கமே கிடைத்தால் யோசிக்கலாம். இன்டர்நேஷனல் சிட்டி, சிலிக்கான் ஒயாசிஸ் பக்கம் நீல லைன் வருகிறது என்று சொல்லி வாடகை பேசுவார்கள். அது 2029-ல்தான் ஓடும். 2029-ல் வரும் ரயிலுக்கு இந்த வருடம் வாடகை கொடுக்காதே.

2024 ஏப்ரல் 16-ல் பெய்த மழையை டிவியில் பார்த்திருப்பாய். அங்கே மழைக்கணக்கு எழுத ஆரம்பித்தது 1949-ல். அதிலிருந்து அப்படி ஒரு மழை இல்லை. அல் அய்ன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளைக்குள் 254 மில்லிமீட்டர். ஷார்ஜாவில் மஜாஸ், காசிமியா பக்கமெல்லாம் தண்ணீர் பல நாள் வடியவில்லை. என் தோழிகள் போனில் சொன்னதைக் கேட்டு நான் இங்கே தூங்கவில்லை. கீழே மோட்டார் ரூமில் தண்ணீர் புகுந்தால் லிஃப்ட் நிற்கும், கரண்ட் போகும், மேலே தண்ணீர் ஏறாது. பன்னிரண்டாவது மாடியில் கைக்குழந்தையோடு இருப்பவள் என்ன செய்வாள்? அதனால் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் ஏஜென்டை விட்டுவிட்டு நாத்தூரைப் பிடி. கட்டடத்தின் வாட்ச்மேனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்த ஏப்ரலில் தண்ணீர் எதுவரை வந்தது, லிஃப்ட் எத்தனை நாள் ஓடவில்லை, ஏ.சி. ரிப்பேர் என்றால் எப்போது ஆள் வருவான், இதற்கு முன் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேள். நாத்தூருக்குத் தெரியாதது அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை.

பணத்தை நீயே பார்த்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாத வாடகை என்று மனசில் போட்டுக்கொள்ளாதே. அங்கே வருட வாடகை, அதை முன்தேதியிட்ட செக்குகளாகக் கொடுக்க வேண்டும். ஒரே செக்காகக் கொடுத்தால் குறைப்பார்கள், நாலு, ஆறு என்று போனால் ஏற்றுவார்கள். புதிதாகப் போகும் நீ கையிருப்பையெல்லாம் துடைத்து ஒரே செக் கொடுக்காதே. இரண்டாம் மாதமே வேலையில் ஏதாவது ஆனால் கையில் ஒன்றும் இருக்காது. பணமில்லாமல் செக் திரும்பினால் முன்பு போலீஸ் கேஸ். 2022-லிருந்து அது தளர்ந்துவிட்டது, ஆனால் வீட்டுக்காரர் நேரே அமலாக்கக் கோர்ட்டுக்குப் போகலாம், அதுவும் சின்ன விஷயமில்லை. வேலை போனால் எத்தனை நாள் நோட்டீஸில், எவ்வளவு அபராதத்தில் காலி செய்யலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு.

வாடகைக்கு மேல் ஏஜென்ட் கமிஷன், டெபாசிட் இரண்டும் சேர்ந்து வருட வாடகையில் பத்தில் ஒரு பங்கு வரும். கரண்ட், தண்ணீருக்கு தேவாவில் ஃபிளாட்டுக்கு 2,000 திர்ஹம் டெபாசிட். வருட வாடகையில் 5 சதவீதத்தை நகராட்சி வீட்டு வரியாகப் பன்னிரண்டாகப் பிரித்து அதே பில்லில் சேர்த்துவிடும். சில கட்டடங்களில் ஏ.சி.க்குத் தனியாகச் சில்லர் பில் உண்டு. "சில்லர் ஃப்ரீ" என்று போட்டிருக்கிறார்களா என்று பார். பகலெல்லாம் ஆள் இருக்கும் வீட்டில் பகலெல்லாம் ஏ.சி. ஓடும். அந்த பில்லுக்குப் பயந்து மருமகள் வியர்வையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

எஜாரி என்ற வாடகை ஒப்பந்தப் பதிவு இல்லாமல் சாவி வாங்காதே. அது இருந்தால்தான் சட்டம் உன் பக்கம். துபாயில் வாடகையை மாற்ற 90 நாள் முன்னால் சொல்ல வேண்டும். அந்த ஏரியா சராசரியைவிட நீ கொடுப்பது 10 சதவீதத்துக்குள் குறைவு என்றால் ஏற்றவே முடியாது. எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரேயடியாக 20 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. இது 2013-ல் வந்த ஆணை. வீட்டை விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்றால்கூட நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் தர வேண்டும். ஷார்ஜாவில் நீயாகச் சம்மதித்தாலொழிய முதல் மூன்று வருடம் ஏற்றக் கூடாது.

குடும்பம் வருவதற்குள் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெட்ஸ்பேஸில், அதாவது ஒரு கட்டில் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, இருப்பதாகச் சொன்னாய். இருந்துகொள். ஆனால் ஹாலைப் பலகை வைத்துத் தடுத்த பார்ட்டிஷன் ரூம் வேண்டாம். அது அனுமதியில்லாதது. நகராட்சி சோதனைக்கு வந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும். தீ பிடித்தால் வெளியே வர வழியும் இருக்காது.

வரிசை இப்படித்தான் வரும்: ரெசிடென்ஸ் விசா, எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கணக்கு, செக் புத்தகம், அப்புறம் வீட்டு ஒப்பந்தம், எஜாரி. குடும்ப விசாவுக்கு அந்தப் பதிவு செய்த ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே நீ தனியாக வீட்டை முடிவு செய்ய வேண்டியதாகிவிடும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு எதையாவது எடுத்துவிடுகிறார்கள். முடிந்தால் மருமகளை விசிட் விசாவில் முதலில் வரவழைத்து அழைத்துப் போய்க் காட்டு. முடியாவிட்டால் மதியம் இரண்டு மணிக்கு, அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு வீடியோ கால் போடு. கிச்சன் ஜன்னலையும் பாத்ரூமையும் லிஃப்டிலிருந்து கீழே கடை வரைக்கும் நடந்து போகும் வழியையும் அவளுக்குக் காட்டு. ஏஜென்ட் பின்னால் நின்று, "இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்க ரெடியா இருக்காங்க சார்" என்பான். கொடுக்கட்டும். அவள் பார்த்துச் சரி என்ற வீட்டுக்குத்தான் நீ கையெழுத்துப் போட வேண்டும்.